அளவோடு வாழ்வது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிளிநொச்சிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் சிக்கனக் கடனுதவிக் கூட்டுறவுச் சங்கத்தின் கணக்குக் கொப்பி 11 வருடமாக என் கையில் இருக்கிறது. சனிக்கிழமை பின்னேரங்களில் காசு கட்ட வருபவர்கள் கட்டிவிட்டு உடனே எழும்பிப் போவதில்லை. கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்பார்கள். கேட்பது அநேகமாக ஒரே கேள்விகள்தான். திரும்பத் திரும்பச் சொல்லி வாய் வலித்ததால் எழுதி வைத்தேன். கேள்விகளை அவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

அளவோட வாழுறது எண்டால் கஞ்சத்தனமா இருக்கிறதோ?

இல்லை. இரணைமடுவை எடுத்துக்கொள்ளுங்கள். மார்கழியில் குளம் 36 அடி நிரம்பி வான் பாயும்போது கிளிநொச்சியே வேடிக்கை பார்க்கப் போகிறது. ஆனால் அந்த வான் பாய்ச்சலைப் பார்த்து யாரும் சிறுபோகம், அதாவது கோடைக்கால நெல், எவ்வளவு என்று முடிவு செய்வதில்லை. மாரி மழையில் விளையும் காலபோக அறுவடைக்குப் பிறகு குளத்தில் எத்தனை அடி மிச்சம் என்று பார்ப்பார்கள். பிறகு கூட்டம் போட்டு, இந்த முறை இத்தனை ஏக்கர்தான், இன்ன வாய்க்காலில் இவ்வளவுதான் என்று பங்கு பிரிப்பார்கள். மூன்று ஏக்கர் வைத்திருப்பவர் ஒரு ஏக்கர் விதைக்கிறார் என்பதற்காக அவரை யாரும் கஞ்சன் என்று சொன்னதில்லை.

அதே நேரம், பங்குக்கு மேலே களவாக அரை ஏக்கர் கூட்டி விதைப்பவர்கள் ஒவ்வொரு சிறுபோகத்திலும் இருப்பார்கள். அவர்களுக்கும் முதல் இரண்டு மாதம் பயிர் பச்சையாகத்தான் நிற்கும். கதிர் பால் பிடிக்கும் நேரத்தில்தான் தண்ணீர் காணாமல் போகும். அப்போது அவர்களுடைய அரை ஏக்கரோடு, வாய்க்கால் கடைசியில் இருப்பவனின் பயிரும் சேர்ந்து காயும். வீட்டுச் செலவும் அப்படித்தான் என்பது என் கருத்து. இந்தக் குளத்துக் கதையை அடிக்கடி இழுப்பேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சரி, எங்கட வீட்டுக்குள்ள எத்தனை அடி தண்ணி இருக்கு எண்டு எப்பிடி அளக்கிறது?

மாதக் கணக்கு பார்த்தால் பிழைக்கும். மாதச் சம்பளக்காரரைத் தவிர இங்கே யாருக்கும் வருமானம் மாதா மாதம் வருவதில்லை. நெல் மாசி பங்குனியில் ஒருமுறை வரும். சிறுபோகம் கிடைத்தால் ஆவணிப் பக்கம் இன்னொரு முறை வரும். கச்சான், உழுந்து, பயறு போட்டவர்களுக்கு இடையில் கொஞ்சம் கிடைக்கும். முல்லைத்தீவுக் கரையில் வாடைக்காற்றுக் காலத்தில் கடல் கொந்தளித்தால் வள்ளம் கரையிலேயே கிடக்கும். ஆகவே ஒரு முழு வருடத்தை எடுத்துக் கூட்டி, 12 ஆல் பிரித்துப் பாருங்கள். வருகிற தொகை பலருக்கு அதிர்ச்சியாக இருக்கும். நெல் விற்ற கிழமையில் கையில் இருக்கும் காசுக்கும் அந்தத் தொகைக்கும் சம்பந்தமே இருக்காது.

அப்புறம், போன மூன்று வருடத்தில் எது மோசமான வருடமோ அதை வைத்துக் கணக்குப் போடுங்கள். நல்ல வருடத்தை வைத்துப் போட்டால், வான் பாய்வதைப் பார்த்து விதைத்த கதைதான்.

நாள் கூலிக்குப் போற எங்களுக்கு என்ன கணக்கு? இண்டைக்கு வந்தது இண்டைக்கே முடியுது.

உங்களுக்குக் கிழமைக் கணக்கு. எத்தனை நாள் கூலி கிடைத்தது என்று கலண்டரில் ஒரு கோடு போடுங்கள், போதும். ஐப்பசி தொடக்கம் தை வரை மழை நாட்களில் கோடு குறையும். அது எல்லோருக்கும் தெரிந்த விஷயம், ஆனாலும் ஒவ்வொரு வருடமும் திடீரென்று வந்ததுபோலத்தான் கடைக் கொப்பியில் கடன் ஏறுகிறது. கோடு கூடுதலாக விழும் அறுவடைக் காலத்தில் கிழமைக்கு ஒரு நாள் கூலியை மழைக்கு என்று ஒதுக்க முடிந்தால் நல்லது. முடியாது என்றால் கடைசிக்கு முந்தின கேள்வியைப் பாருங்கள்.

முந்தி எங்கட சனம் இப்பிடி இல்லை. இப்ப ஏன் இந்தளவு ஆடம்பரம்?

இந்தக் கேள்வியைப் பெரும்பாலும் வயது போனவர்கள் கேட்கிறார்கள். குற்றம் சாட்டும் குரலில் கேட்கிறார்கள். எனக்கு அந்தக் குரலில் உடன்பாடு இல்லை.

2009 மே மாதம் போர் முடிந்தபோது இந்தச் சனம் கையில் எதைக் கொண்டு வெளியே வந்தது என்று நினைத்துப் பாருங்கள். கலியாண அல்பம் உள்ள வீடு ஊரில் எத்தனை இருக்கும்? எங்கள் வீட்டில் என் கலியாணப் படம் ஒன்றுதான் இருக்கிறது, அதுவும் வெளிநாட்டில் இருந்த மாமிக்கு அனுப்பிய பிரதி திரும்பி வந்தது. அப்படி எல்லாம் போன ஒருவர் தன் பிள்ளையின் விழாவுக்கு மூன்று கமரா பிடிக்கிறார் என்றால் அதை வெறும் பகட்டு என்று தள்ள என்னால் முடியாது. படம் இல்லாமல் போவதன் வலி அவருக்குத் தெரியும்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. போர் முடிந்து ஏ9 வீதி திறந்ததும் எங்களுக்கு முன்னால் வந்து இறங்கியவை லீசிங் கடைகளும் தவணைக்குக் கொடுக்கும் தளபாடக் கடைகளும்தான். மெனிக் பாம் அகதி முகாமில் இருந்து தறப்பாளோடு வந்து குந்தியிருந்த சனத்துக்கு மோட்டார் சைக்கிள், டிவி, பிரிட்ஜ் எல்லாம் முற்பணம் கொஞ்சம் கட்டினால் அன்றைக்கே வீட்டுக்கு வந்தன. இருபது வருடம் பூட்டியிருந்த கடையை ஒரே நாளில் திறந்துவிட்டால் யார்தான் வாசலில் நிற்பார்? அதோடு வெளிநாட்டுச் சொந்தங்கள் லீவுக்கு வந்து செய்யும் விழாக்கள் ஊருக்கே அளவுகோலாகிவிட்டன. ரொரன்ரோ சம்பளத்தில் செய்த கலியாணத்தைப் பரந்தன் வருமானத்தில் எட்டிப் பிடிக்கப் பார்க்கிறோம்.

பொருளாதாரத் தடை நேரம் ஜாம் போத்தல் விளக்கில படிச்ச சனம் நாங்கள். அப்ப ஏலுமெண்டால் இப்ப ஏன் ஏலாது?

இளம் ஆட்களுக்காகச் சொல்கிறேன்: தொண்ணூறுகளில் போர்க்காலத் தடையால் இங்கே மண்ணெண்ணெய் கிடைப்பது அரிது. ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் பஞ்சு, அதில் கொஞ்சம் எண்ணெய், ஒரு திரி. சிக்கன விளக்கு என்பார்கள். சுண்டுவிரல் நுனியளவு சுடர். புத்தகத்தை முகத்துக்குப் பக்கத்தில் வைத்தால்தான் எழுத்துத் தெரியும், காலையில் மூக்குக்குள் கரி.

அப்போது முடிந்ததற்குக் காரணம் நாங்கள் பெரிய ஞானிகளாக இருந்தது இல்லை. கடையில் சாமான் இல்லை, பக்கத்து வீட்டிலும் அதே போத்தல்தான். தடையை யாரோ எங்கள் தலையில் போட்டார்கள். இப்போது கடை நிறையச் சாமான், பக்கத்து வீட்டில் வண்ண விளக்கு. இந்த நிலையில் வேண்டாம் என்று சொல்வது வேறு வேலை, அதற்கு எங்களுக்குப் பழக்கம் இல்லை. பிள்ளைகளிடம் ஜாம் போத்தல் கதையைச் சொல்லி வாயடைக்காதீர்கள். அவர்களுக்கு அது கதை மட்டும்தான்.

கிழமைக்கு 1,250 ரூபாதானே. அது ஒரு காசோ?

கிழமைத் தவணைக்குத் தரும் நுண்கடனைப் பற்றி என்னிடம் அதிகம் கேட்கப்பட்ட கேள்வி இது. அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

50,000 ரூபா எடுத்து, 52 கிழமை 1,250 வீதம் கட்டினால் மொத்தம் 65,000. வட்டி 15,000. கொடுக்கிறவர் இதை நூற்றுக்கு 30 வீத வட்டி என்று சொல்வார். ஆனால் நீங்கள் வருடம் முழுக்க 50,000 ஐ வைத்திருக்கவில்லையே. ஒவ்வொரு கிழமையும் முதல் தொகையில் ஏறத்தாழ 960 திரும்பிப் போகிறது, வட்டியாக 290 போகிறது. அரை வருடத்தில் உங்களிடம் இருப்பது பாதிக் கடன்தான், வட்டி மட்டும் முழுத் தொகைக்கே போய்க்கொண்டிருக்கும். கடைசிக் கிழமையை எடுத்துப் பாருங்கள்: மிச்சக் கடன் 960, அதை அந்த ஒரு கிழமை வைத்திருந்ததற்கு வட்டி 290. மீதிக்கு மீதி வட்டி என்று ஒழுங்காகக் கணக்குப் போட்டால் இது வருடத்துக்கு 54 வீதம் அளவில் வரும். பத்திரச் செலவு, காப்புறுதி என்று முன்னுக்கே கொஞ்சம் கழித்துக்கொண்டு தந்தால் இன்னும் ஏறும். கடன் கேட்கப் போகிற இடத்தில் ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள்: வட்டி முழுத் தொகைக்கோ, குறைந்து போகிற மீதிக்கோ? பதில் சொல்லத் தடுமாறினால் எழும்பி வந்துவிடுங்கள்.

இரண்டாவது, கிழமை என்பதே ஒரு பொறி. நெல்லுக்குக் கிழமை தெரியாது. நான்கு மாதம் கழித்து வருகிற வருமானத்துக்கு அடுத்த செவ்வாய்க்கிழமை தவணை கட்டச் சொன்னால் எதை விற்றுக் கட்டுவது? பெண்கள் குழுவாகச் சேர்ந்து எடுக்கும் குழுக்கடன் என்றால் நீங்கள் கட்டாத காசை மற்றப் பெண்கள் கட்ட வேண்டும். காசு அறவிட வருகிற தம்பி முற்றத்தில் இருட்டும்வரை மோட்டார் சைக்கிளில் குந்தியிருப்பான். அவனுக்கும் மேலே ஒருவன் கேட்பான். இந்தச் சங்கடத்திலேயே கோழி போகும், பிறகு தோடு போகும்.

இது ஒரு ஊர்ப் பிரச்சினை மட்டும் என்றால் அரசு தலையிட்டிருக்காது. 2018 இல் வறட்சி பாதித்த 12 மாவட்டங்களில் பெண்கள் எடுத்த ஒரு இலட்சத்துக்குட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்யும் திட்டம் வந்தது. சிலர் தப்பினார்கள். தப்பியவர்களில் சிலர் அடுத்த வருடமே புதுக் கடன் எடுத்ததையும் பார்த்தேன். முற்றம் மாறவில்லை, வந்த மோட்டார் சைக்கிள்தான் மாறியது.

ஒரு கடனைக் கட்ட இன்னொரு கடன் எடுத்தால் என்ன பிழை?

புதுக் கடனின் வட்டி பழையதைவிடக் குறைவாகவும், பழையது அன்றைக்கே முழுதாக மூடப்படுவதாகவும் இருந்தால் பிழையில்லை. நான் பார்த்த பத்தில் ஒன்பதில் பழையதன் இரண்டு தவணைக்குத்தான் புதியது போதுமாக இருந்தது.

நகை சும்மாதானே கிடக்குது. அடைவு வைச்சால் என்ன?

வைக்கலாம். வன்னியில் எத்தனையோ ஏக்கர் அடைவுக் காசில்தான் விதைக்கப்படுகிறது, அதில் வெட்கம் ஒன்றும் இல்லை. ஐப்பசியில் காப்பை வைத்து விதைநெல், உழவு, உரம். பங்குனியில் நெல்லை விற்று மீட்பு. இது பழைய ஒழுங்கு.

அடைவுத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு, இதை எந்தக் காசு மீட்கும் என்று உங்களிடமே கேளுங்கள். "மூன்று ஏக்கர் நெல்" என்று பதில் வந்தால் சரி. "பாப்பம்" என்று வந்தால் அந்த நகையை விற்றதாகவே எண்ணிக்கொள்ளுங்கள். விற்பதென்றால் நேரே விற்றுவிடுவது லாபம், வட்டியாவது மிஞ்சும். வருடா வருடம் வட்டி மட்டும் கட்டிப் புதுப்பித்து, கடைசியில் ஏலத்தில் போன பதக்கம் ஒன்றின் கதை எனக்குத் தெரியும். அது என் மனைவியின் பதக்கம். வைத்தது விதைநெல்லுக்காக இல்லை, தொலைபேசிக்காக. அதற்கு மேல் எழுதினால் வீட்டில் சோறு கிடைக்காது.

வீட்டுத்திட்டம் கிடைச்சிருக்கு. கட்டுறதுதான் கட்டுறம், கொஞ்சம் பெருசாக் கட்டினால் என்ன?

இந்திய அரசின் உதவியில் வந்த வீட்டுத்திட்டக் காலத்தில் இதை எங்கள் ஊர் நன்றாகவே பட்டறிந்தது. ஒரு வீட்டுக்கு 5 இலட்சத்து 50 ஆயிரம் ரூபா, கட்டம் கட்டமாகத் தந்தார்கள். 550 சதுர அடி அளவில் ஒரு வீட்டுக்கான காசு அது. எங்கள் ஆட்கள் பலர் அத்திவாரத்தையே 800, 900 சதுர அடிக்கு வெட்டினார்கள். ஒரு முறைதானே கட்டுகிறோம், பிள்ளைகள் வளர்ந்தால் அறை வேண்டாமோ, வாசல் கொஞ்சம் எடுப்பாக இருக்கட்டும் என்றார்கள். காரணங்கள் எல்லாம் நியாயம்தான். முதல் தவணை மண்ணுக்குள்ளேயே போனது. சுவர் எழும்பும்போது சீமெந்து விலையும் எழும்பியது. கூரைக்குக் கிழமைக் கடன், கதவுக்கு அடைவு. தறப்பாள் யன்னலோடு பெரிய வீடுகள் இன்றைக்கும் நிற்கின்றன.

பெரிய வீடு வேண்டாம் என்று சொல்லவில்லை. சின்னதை முடித்துப் பூசி, பின்பக்கம் கம்பியை நீட்டி விடுங்கள். காசு வந்த பிறகு அதில் பிடித்துக் கட்டலாம்.

மகளின்ர சாமத்தியவீட்டைச் சின்னனாச் செய்தால் சனம் என்ன சொல்லும்?

ஏதாவது சொல்லும். பிள்ளை பெரியவளான சடங்கைப் பெரிதாகச் செய்தாலும் சொல்லும், சோறு குழைந்துவிட்டது என்று. இதற்குப் பயப்பட வேண்டாம் என்று எழுதிவிடுவது சுலபம், ஆனால் பயம் பொய்யில்லை. ஊரில் மதிப்பு என்பது ஆபத்துக்கு ஆள் வருமா வராதா என்பதோடு ஒட்டியது.

ஒரு வீட்டுக்காரர் தன் செலவுக் கணக்கை என்னிடம் காட்டினார். மண்டபம், சோடினை, அல்பம், வீடியோ, ட்ரோன், மூன்று தடவை உடுப்பு மாற்ற மூன்று மேக்கப், ஐந்து தட்டுக் கேக். கேக்கில் மேல் தட்டு மட்டும்தான் உண்மைக் கேக், மிச்சம் ரெஜிபோம் என்கிற வெள்ளைப் பஞ்சுப் பலகையில் ஐசிங் பூசியது. அதற்கும் வாடகை. என்வலப்பில் வந்த காசை எண்ணி, ஓரளவு சரிக்கட்டியாயிற்று என்று சந்தோஷப்பட்டார். நான்தான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், அது வருமானம் இல்லை அண்ணை, 200 வீட்டுக்குத் திருப்பி வைக்க வேண்டிய கடன் என்றேன். அதன் பிறகு மூன்று மாதம் அவர் சங்கப் பக்கம் வரவில்லை. ஆனால் நான் சொன்னது சரிதான். 5,000 வைத்தவர் வீட்டு விழாவுக்கு 2,000 கொண்டு போக யாருக்கும் கை வராது.

ஊரில் நடைமுறையாக வேலை செய்த ஒரு வழி இருக்கிறது. தனியாகச் சுருக்கினால்தான் பேச்சு. ஒரு ஒழுங்கையில் நான்கைந்து வீடு சேர்ந்து, இனிமேல் மண்டபம் இல்லை, முற்றத்தில் பந்தல்தான், சமையல் நாங்களே என்று பேசி வைத்தால் யார் யாரைப் பேசுவது? சிறுபோகப் பங்கும் அப்படித்தானே, எல்லோரும் குறைக்கும்போது குறைப்பது அவமானமாகத் தெரிவதில்லை. எங்கள் ஒழுங்கையில் இப்படி மூன்று விழா நடந்தது. நான்காவது வீட்டுக்குச் சுவிஸில் இருந்து தம்பி வந்தார், மண்டபம் பிடித்தார். சரி, அவர் காசு.

வெளிநாட்டில இருந்து அண்ணை அனுப்புறார். அது எங்கட எல்லைக்குள்ள வருமோ, வராதோ?

அது உங்கள் குளம் இல்லை, பக்கத்துக் குளத்தில் இருந்து திறந்துவிடும் தண்ணீர். அவர் மதகை மூடினால் நின்றுபோகும். அவருக்கு வேலை போகலாம், வீட்டுக் கடன் கூடலாம், அவருடைய பிள்ளைகள் வளரலாம். 2022 இல் ரூபா விழுந்து டொலர் 200 இல் இருந்து 360 அளவுக்குப் போனபோது, வெளிநாட்டுக் காசு வந்த வீடுகளில் தொகை திடீரென்று கூடியதுபோல் தெரிந்தது. அதை நம்பிச் சிலர் மேல்மாடிக்குத் தூண் எழுப்பினார்கள். சாமான் விலை அதைவிட வேகமாக ஓடியது. அந்தத் தூண்களில் இப்போது உடுப்புக் காய்கிறது.

அந்தக் காசைக் கிணறு ஆழப்படுத்த, படிப்புக்கு, மருந்துக்கு, ஒரேயடியாகக் கடன் மூடப் பயன்படுத்துங்கள். மாதச் சாப்பாட்டை அதில் தொங்க விடாதீர்கள். அத்தோடு, அண்ணைக்கு உண்மைக் கணக்கைச் சொல்லுங்கள். கிணற்றுக்கு என்று கேட்டு ஸ்பீக்கர் வாங்கினால் அடுத்த முறை உண்மையான அந்தரத்துக்கும் அவர் நம்பமாட்டார்.

போனைப் பறிச்சுப்போட்டால் பிள்ளையள் திருந்துமோ?

இல்லை. படிப்புக்கும் இப்போது அது வேண்டும். வீட்டின் வருடக் கணக்கைப் பிள்ளைகளுக்கு முன்னால் வைத்துப் போடுங்கள். 14 வயதுப் பிள்ளைக்குக் கூட்டல் கழித்தல் எங்களைவிட நன்றாக வரும்.

செலவைக் குறை, குறை எண்டுறியள். குறைக்கிறதுக்கே ஒண்டும் இல்லாத எங்களுக்கு என்ன சொல்லப் போறியள்?

இது ஒரு அக்கா கேட்டது, கோபத்தோடு. கணவர் இல்லை, இரண்டு பிள்ளைகள், வீட்டில் தேத்தண்ணிக்குச் சீனி இல்லை. அவரிடம் சிக்கனம் பேசுவது அநியாயம். குளத்தில் தண்ணீரே இல்லாதபோது பங்கு பிரிக்கக் கூட்டம் வைத்து என்ன பயன்? மேலே எழுதிய எதுவும் அவருக்கு இல்லை, கிழமைக் கடன் பற்றிய எச்சரிக்கையைத் தவிர.

2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதியைத் தடுத்தது இங்குள்ள எந்தக் கமக்காரரின் ஊதாரித்தனமும் இல்லை. அந்தத் தடை நவம்பரில் தளர்ந்தது, அதற்குள் காலபோகம் விதைத்து முடியும் தறுவாய். அடுத்த வருடம் செப்டெம்பரில் பணவீக்கம் 70 வீதத்தைத் தொட்டதும் எங்கள் சாமத்தியவீடுகளால் இல்லை. மேலே இருந்தவர்கள் அளவு தெரியாமல் வாங்கிய கடனுக்குக் கீழே இருப்பவரைப் பார்த்து அளவோடு வாழச் சொல்வது எனக்கும் எரிச்சல்தான். அந்த அக்காவுக்குச் சங்கத்தால் செய்ய முடிந்தது இரண்டு. அஸ்வெசும என்ற அரச நலன்புரிக் கொடுப்பனவு விண்ணப்பத்தில் அவர் பெயர் விடுபட்டிருந்தது, மேன்முறையீடு எழுதிக் கொடுத்தோம். அப்புறம் கச்சான் வறுத்து விற்க ஒரு தாச்சிக்கும் முதலுக்கும் சிறு கடன், தவணை கிழமைக்கில்லை, கச்சான் காலம் முடிந்த பிறகு.

எழுதப் படிக்கத் தெரியாத ஆக்கள் கணக்கை எப்பிடி வைக்கிறது?

முத்தையன்கட்டுப் பக்கத்தில் இருந்து வருகிற ஒரு அம்மம்மாவிடம் நான் கற்றுக்கொண்டது. மூன்று நெஸ்டமோல்ட் டின் வைத்திருக்கிறார். நூறு ரூபா வந்தால் முதல் டின்னில் ஒரு புளியங்கொட்டை. செலவழித்தால் அதிலிருந்து எடுத்து இரண்டாவதில் போடுவார். கடைக்குக் கொடுக்க வேண்டியது என்றால் மூன்றாவதில் ஒரு கொட்டை, அது மட்டும் சுட்ட கொட்டை, கறுப்பு. சனிக்கிழமை மூன்று டின்னையும் உமல் பையில் போட்டுக்கொண்டு வந்து என் மேசையில் கவிழ்ப்பார். நான் எண்ணிக் கொப்பியில் எழுதுவேன். போன கிழமை முதல் டின்னில் ஆறு கொட்டை கணக்கில் இடித்தது. பேரன் விளையாட எடுத்துப் போனானாம். வீட்டுக்குப் போய் அவனுடைய காற்சட்டைப் பையைத் தட்டி, அடுத்த நாள் காலை பஸ்ஸில் ஆறையும் கொண்டு வந்து தந்தார்.